பதின்மூன்றாவது கோப்பை

“சாயங்காலம் நாலரை மணிக்கு எங்கள் வீட்டுக்குத் தேநீர் அருந்த வரவேண்டும்” என்று பதினொரு பேரிடம் சொல்லிவிடுவது வெகு சுலபமான காரியம். சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பியதும் வயிற்றில் புளியைக் கரைக்கத் தொடங்குகிறதே, அதுதான் கஷ்டம்.

சென்ற மாதம் எனக்கு நேர்ந்தது இதுவே. முப்பது வருஷம் உபாத்தியாயினியாக இருந்த என் சிநேகிதி ஓய்வு பெற்றார். அவருக்கு ஏதேனும் உபசாரம் செய்யவேண்டுமென்று தோன்றியது. சாப்பாடு என்றால் இலை, கறி, கூட்டு, பாயசம் என்று வீடு இரண்டுபட்டுப் போகும். தேநீர் விருந்து என்றால் செலவும் சிறிது, சிரமமும் சிறிது என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் பாதி சரி, பாதி தப்பு. இரண்டையும் சகோதரிகளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பழக்கம் சீமையிலிருந்து வந்தது. 1840-ஆம் வருஷத்தை ஒட்டி, பெட்போர்டு பிரபுவின் மனைவி அன்னா என்னும் சீமாட்டி, பகல் போஜனத்துக்கும் இரவு போஜனத்துக்கும் நடுவே பசி தாங்கமாட்டாமல் தேநீரும் ரொட்டியும் தருவித்துச் சாப்பிட்டாராம். பிறகு சிநேகிதிகளையும் அழைத்தார். பசியில் பிறந்தது பகட்டாய் வளர்ந்தது!

நம் தேசத்திலோ தேயிலை விளைந்த பிறகும் வெகு காலம் அதைக் குடிப்பார் அதிகமில்லை. அஸ்ஸாம் தேயிலை 1839-லேயே லண்டனில் ஏலத்துக்கு வந்துவிட்டது. 1903-ல் தேயிலைக்கு ஒரு தனி வரி விதித்துச் சட்டம் செய்தார்கள். அந்த வரிப் பணத்தைக் கொண்டே பிற்பாடு நமக்கு இலவசமாய்த் தேநீர் போட்டுக் காட்டிக் குடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். தேநீரும் காப்பியும் தேகத்துக்கு அவசியமில்லை என்று காந்தியடிகள் எழுதினார். அவருடைய எத்தனையோ உபதேசங்களைப் போலவே இதையும் நாம் பக்தியுடன் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த கோப்பையைக் காலி செய்தோம்.

இனி விருந்துக்கு வருவோம். நான் எழுதிய முதல் ஜாபிதாவில் வாழைக்காய் பஜ்ஜி முதலிடம் பெற்றிருந்தது. நல்ல வேளையாக அதை அடித்துவிட்டேன். பஜ்ஜி சூடாயிருந்தால்தான் பஜ்ஜி. அதற்கு ஒருவர் அடுப்பங்கரையிலேயே நிற்கவேண்டும். அந்த ஒருவர் விருந்துக்கு அழைத்தவராகவே இருப்பார். கூடத்தில் சிரிப்பொலி கேட்க, உள்ளே எண்ணெய்ப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொள்வது விருந்தல்ல, வேலை. ஆகவே முதல் விதி: அழைத்தவள் உட்கார்ந்து பேச முடியாத பலகாரம் எதையும் செய்யலாகாது. முதல் நாளே செய்து வைத்த ரவை லாடு, தட்டை. அன்று மத்தியானம் செய்த வெள்ளரிக்காய் ஸாண்ட்விச். ஓர் இனிப்பு, ஓர் உறைப்பு, பல்லில்லாதவர்களுக்கு மெதுவாய் ஒன்று. இதற்கு மேல் வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கு. பன்னிரண்டு பேர் என்றால் இருபது கோப்பைக்குத் தயார் செய்யவேண்டும். இரண்டாம் முறை கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கோப்பைக்கு 150 மில்லி லிட்டர் வீதம் மூன்று லிட்டர் ஆகும். அதில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் பால். தேயிலை 40 கிராம். சர்க்கரையைத் தனியே வையுங்கள். நம் வயதில் பாதிப் பேருக்கு அது சத்துரு. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் அருந்துவது நல்லதல்ல. உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது தடை செய்கிறது. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்.

மூன்றாவது, தேநீர் போடும் விதம். பீஹாரில் மோதிஹாரியில் 1903-ல் பிறந்த ஆங்கில ஆசிரியர் ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் இதற்குப் பதினொரு விதிகள் எழுதினார். கோப்பையில் தேநீரை முதலில் ஊற்றிப் பிறகே பால் ஊற்றவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாலும் சர்க்கரையும் தேயிலையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் நம் வீட்டு அடுப்பைக் கண்டிருந்தால் அவர் மூர்ச்சை போட்டிருப்பார்.

எனக்கோ விதி சொல்லிக் கொடுத்தவர் வேறொருவர். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மாள். அன்று நான் தேயிலையைப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

“இறக்கிடுங்கம்மா. கொதிக்கக் கொதிக்கக் கசப்புத்தான் வரும். தண்ணி நல்லாக் கொதிச்சதும் இறக்கி, தூளைப் போட்டு மூடி வையுங்க. தூளா இருந்தா மூணு நிமிஷம், இலையா இருந்தா அஞ்சு. அப்புறம் ஒரு சொட்டு விடாம வடிச்சிடணும்.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

அவர் இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தவராம். தாயார் கொழுந்து பறித்தவர். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் அங்கே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். சிறிது காலத்தில் நோய் கண்டு காப்பிச் செடிகள் அழிந்துபோகவே, மலையெல்லாம் தேயிலையாயிற்று. அதை உண்டாக்கியவர்கள் நம் ஜில்லாக்களிலிருந்து போன ஏழை ஜனங்கள். 1948-ல் அங்கே செய்த சட்டத்தினால் அவர்களில் பெரும்பாலோர் பிரஜா உரிமை இழந்தார்கள். 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று தீர்மானமாயிற்று. நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. இவர் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. சிறு பெண்ணாய்க் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர், கடைசியில் எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தார்.

“நல்ல தூளெல்லாம் கப்பலுக்குப் போயிடும். லயத்துக்கு வர்றது கழிச்சதுதாம்மா” என்றார். ஒன்பது வருஷத்தில் இதை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

அவர் சொன்னபடியே போட்டோம். கூடத்தில் எல்லோரும் ஒரு வாய் குடித்து நிமிர்ந்து பார்த்தார்கள். “இவ்வளவு நன்றாய்ப் போட்டது யார்?” என்றார் என் சிநேகிதி. நான் உண்மையைச் சொன்னேன். “அவரும் வந்து நம்மோடு உட்காரட்டுமே” என்றார் அவர், வெகு சாதாரணமாக.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பதினொரு விருந்தினரும் நானுமாகச் சரியாய்ப் பன்னிரண்டு கோப்பைகள்தான் எடுத்து வைத்திருந்தேன். அவருக்கு உரிய பாத்திரம் கொல்லைப்புற மாடத்தில் கவிழ்ந்திருந்தது. விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். யார் வைத்த வழக்கம்? என் மாமியார் காலத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மாமியார் காலமாகி ஆறு வருஷமாகிறது.

என் கோப்பையை அவருக்குக் கொடுத்துவிட்டு, மாடத்து டம்ளரில் நான் குடித்தேன். நசுங்கிய விளிம்பு உதட்டைச் சுட்டது. அவர் நாற்காலியில் உட்காரச் சம்மதிக்கவில்லை. நிலைப்படி ஓரத்தில்தான் உட்கார்ந்தார். என் சிநேகிதி தம் நாற்காலியை நிலைப்படிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரிடம் விசாரிக்கலானார்.

இதனால் ஊர் திருந்திவிட்டதென்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் மாடத்தண்டைதான் போய்த் தேடினார். டம்ளர் அங்கே இல்லை. “உள்ளே அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். ‘நீ’ என்று ஒன்பது வருஷம் பழகிய நாக்கு ‘நீங்கள்’ என்பதற்குச் சற்றுத் தடுமாறத்தான் செய்தது.

ஆகையால், சகோதரிகளே, பலகாரக் கணக்கும் பால் கணக்கும் போட்ட பிறகு, கோப்பைகளை ஒருமுறை எண்ணுங்கள். வாசல் வழியே வருகிறவர்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும்.