ரேட் கார்டில் யார் பெயர்?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் மணப்பெண் ஒப்பனை செய்யும் நமக்கு வரும் அழைப்புகளில் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “மேம், என்ன பிராண்ட் யூஸ் பண்ணுவீங்க?” கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படிக் கேட்கப் பழக்கியதே நாம்தான். ‘பேசிக்’, ‘ஹெச்டி’, ‘லக்ஸுரி’ என்று மூன்று பேக்கேஜ் போட்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள சில ஆயிரம் ரூபாய்க்குக் காரணமாக வெளிநாட்டு பிராண்டுகளின் பெயர்களை ரேட் கார்டில் வரிசையாக அச்சடித்து வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடுவோம் என்பதுதான் இந்த இதழின் வேண்டுகோள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். லாங்கோம் 1964-இலும் மேபலின் 1996-இலும் லோரியால் குழுமத்துக்குள் வந்தவை. இன்று முதலாவதை மால் கவுன்டரில் தேடிப் போய் வாங்குகிறோம். இரண்டாவது தெருமுனை ஃபேன்ஸி ஸ்டோரிலேயே தொங்குகிறது. இத்தாலியின் இன்டர்காஸ் போன்ற ஒப்பந்த உற்பத்தி நிறுவனங்கள் பல பிராண்டுகளுக்குப் பொருள் செய்து கொடுக்கின்றன. இதை வைத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே சமையல்காரர் இரண்டு கல்யாணத்துக்குச் சமைத்தாலும், பாயசத்தில் விழும் முந்திரி அந்தந்த வீட்டுக் கணக்குப்படிதான் விழும். காம்பேக்ட் பவுடர் என்றால் எந்த விலையிலும் டால்க், மைக்கா, டைட்டானியம் டையாக்சைடு, அயர்ன் ஆக்சைடு போன்றவைதான் அடிப்படை. எவ்வளவு நைஸாக அரைத்தார்கள், நிறமித் துகளுக்கு என்ன பூச்சு கொடுத்தார்கள் என்பதில் தரம் மாறும். விலையில் ஒரு பெரும் பங்கு கண்ணாடிக் குப்பிக்கும் விளம்பரத்துக்கும் கவுன்டர் வாடகைக்கும் இறக்குமதி வரிக்கும் போகிறது.

கூடுதல் பணம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஃபவுண்டேஷனும் கன்சீலரும். முதல் காரணம் ஷேடு. நம் ஊர்ப் பெண்களின் நிறத்தில் மஞ்சள், ஆலிவ், செம்பு சாயல்கள் கலந்து கிடக்கின்றன. நெற்றிக்கும் வாயோரத்துக்கும் கூட நிறம் ஒன்றாக இருப்பதில்லை. ஷேடு வரிசை குறுகலாக இருந்தால் வெள்ளை நிறமி தூக்கலான ஏதோ ஒன்றைக் கொண்டு சமாளிக்கிறோம். மாநிற முகம் சாம்பல் பூத்துப் போகிறது. 2017-இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்ற நிறுவனங்களின் வரிசையும் நீளத் தொடங்கியது. குறைந்த விலை பிராண்டுகளிலும் இப்போது அடர் நிறங்கள் கிடைக்கின்றன. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடர் நிறங்களுக்குள் எத்தனை அண்டர்டோன் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம் பிடிமானம். விடியற்காலை முகூர்த்தம், ஏசி இல்லாத மண்டபம், ஹோமப் புகை, தாலி கட்டும் நேரத்துக் கண்ணீர்: இவ்வளவையும் தாங்க வேண்டும். நீண்ட நேரம் நிற்கும் ஃபவுண்டேஷன்கள் பலவற்றில் ஐசோடோடெகேன் ஆவியாகிப் போக, டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் போன்ற பிசின் தோல்மேல் படலமாகத் தங்குகிறது. இந்தப் பெயர்கள் குறைந்த விலைக் குப்பியின் லேபிளிலும் இருக்கக்கூடும். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள். பிறகு தாடையோரம் தடவி, அரை மணி நேரம் காத்திருந்து, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். சன்ஸ்கிரீன் கலந்த விலையுயர்ந்த ஃபவுண்டேஷனைப் போட்டுவிட்டு, ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் மட்டும் வெளுத்து நின்றதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினோம் என்பது கேமராவுக்குத் தெரியாது.

மஸ்காரா, காஜல், ஐப்ரோ பென்சில், லிப் லைனர் இவற்றில் தாராளமாகக் குறைந்த விலைக்குப் போகலாம். மஸ்காராவில் அப்படிப் போவது நல்லதும்கூட. திறந்து மூன்று முதல் ஆறு மாதத்தில் தூக்கிப் போட வேண்டிய பொருள் அது. பெரிய விலை கொடுத்து வாங்கினால் மனசு வராது. வருஷம் தாண்டியும் கிட்டில் கிடக்கும். அதிலேயே தோய்த்த பிரஷ் பத்துப் பெண்களின் கண்ணுக்குப் போகும். மலிவானதை வாங்கி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வாண்டால் எடுத்துப் போட்டு, கெடு வந்ததும் கூசாமல் எறிபவரே பொறுப்பானவர். லிப்ஸ்டிக்குக்கும் இதே கணக்குதான்: குச்சியோடு உதட்டில் தேய்க்காமல், ஸ்பாச்சுலாவால் சுரண்டித் தட்டில் எடுங்கள்.

மலிவு என்பது வேறு, போலி என்பது வேறு. பெரிய பிராண்டின் பெயரைத் தாங்கிக் கால் விலைக்குக் கிடைக்கும் பேலட்டை யாரும் மாற்றுப் பொருள் என்று சொல்ல முடியாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்க ஆளே இல்லை. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, இங்கே தயாரான பொருளில் உற்பத்தியாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், பயன்படுத்த வேண்டிய கெடு ஆகியவை இருக்க வேண்டும். உட்பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். இறக்குமதிப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் கட்டாயம். இவை இல்லாத பொருள் எவ்வளவு பளபளத்தாலும் கிட்டுக்குள் வரக் கூடாது. விலையுயர்ந்த காலி டப்பாவில் வேறொன்றை நிரப்பி மேஜைமேல் வைப்பதும் இந்த வகையில்தான் சேரும். நம் தொழிலில் அது நடக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

மறுபடி ரேட் கார்டுக்கு வருமுன் ஒரு பழைய கதை. மேக்ஸ் ஃபேக்டரின் பான்-கேக் ஒப்பனை 1930-களின் பிற்பகுதியில் டெக்னிகலர் படங்களுக்காக உருவாகி, பிறகு கடைகளுக்கு வந்த பொருள். ஜெமினி ஸ்டுடியோவில் அது எந்த அளவுக்குப் புழங்கியது என்பதை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். அங்கிருந்த ஒப்பனை அறையின் படிநிலையையும் அவர் விடவில்லை: முதன்மை நடிகர்களுக்குத் தலைமை ஒப்பனையாளர், அடுத்த நிலை நடிகர்களுக்கு அவருடைய உதவியாளர்கள், கூட்டக் காட்சிக்கு வருபவர்களுக்கு ‘ஆபீஸ் பாய்’. யார் கை முகத்தைத் தொடுகிறது என்பதில்தான் அங்கே மதிப்பு இருந்தது. நாம் நம் ரேட் கார்டில் அந்தக் கையை எடுத்துவிட்டு டப்பாவை வைத்திருக்கிறோம். அதே டப்பாவை மணப்பெண்ணே ஆன்லைனில் வாங்கிவிட முடியும்போது நம்மிடம் பேரம் பேசாமல் என்ன செய்வார்?

ரேட் கார்டைத் திருத்தி எழுதுவோம். டிரையல், நிற்கும் நேரம், பயணம், சேலைக் கட்டு, சிகையலங்காரம், ரிசப்ஷனுக்கு முன் டச்சப், ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்கள் என்று நம் உழைப்பை வரிவரியாகப் போடுவோம். டிரையல் முடிந்ததும், அந்த முகத்துக்குத் தேர்ந்தெடுத்த பொருட்களை ஷேடு எண்ணோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். அதில் நாலாயிரம் ரூபாய் ஃபவுண்டேஷனும் இருநூறு ரூபாய் காஜலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை ஃபோனில் அந்தக் கேள்வி வரும்போது பிராண்டுகளை ஒப்பிக்க வேண்டாம். “ஒரு தடவை நேர்ல வாங்கம்மா, உங்க முகத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லுங்கள்.

— ஆசிரியர்