ஒத்திகைக்கு அழைக்கப்படாத பையன்

சென்ற மாதம் நமது சங்கத்தின் கூட்டம் முடிந்து, ஈரக் குடைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், மாட்டுப்பட்டியைச் சேர்ந்த ஓர் அம்மையார் என்னை வாசற்படியருகே நிறுத்தினார். "அண்ணாச்சி, உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். பத்திரிகையில் எழுதினாலும் சரிதான், எங்கள் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்றார். அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். நமது மலைகளில் இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று என்பதே காரணம்.

அவருடைய மகனுக்குப் பதினாறு பிராயம். அவனும் அதே லயத்தைச் சேர்ந்த மூன்று பையன்களும் கூடி ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு வாத்தியக் கோஷ்டி அமைத்தார்கள். இவன் வாசித்தது பேஸ் கிட்டார். அதாவது பாட்டுக்கு அடியில் நின்று தாங்கும் தடித்த தந்திகள் கொண்ட வாத்தியம். ஒரு மாதத்துக்கு முன் மூணாற்றிலிருந்து நன்றாக வாசிக்கத் தெரிந்த வேறொரு பையன் வந்து சேர்ந்தான். அதன்பின் மூன்று வாரம் ஒத்திகை இல்லை, ஒத்திகை இல்லை என்றே இவனிடம் சொல்லிவந்தார்களாம். ஒருநாள் யாரோ கைப்பேசியில் காட்டிய படத்தில், புதியவன் தன் இடத்தில் நின்று வாசிப்பதை இவன் பார்த்துவிட்டான். அன்று இரவு சாப்பிடவில்லை. "நீ வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பான், அண்ணாச்சி. இப்போது அழவும் இல்லை, பேசவும் இல்லை. நான் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்கட்டுமா?" இதுதான் அம்மையாரின் கேள்வி.

அவர்கள் என்ன மாதிரிப் பாட்டு வாசிக்கிறார்கள் என்று விசாரித்தேன். "பங்க்காம், எனக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கிறது" என்றார். வாசகர்களில் பலருக்கும் இச்சொல் புதிதாக இருக்கலாம். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த ஒருவகை முரட்டுச் சங்கீதம் இது. பாட்டு இரண்டு மூன்று நிமிஷத்துக்குமேல் நீளாது. வேகமாகவும் உரக்கவும் வாசிப்பார்கள். பெரிய வித்துவத் தன்மை தேவையில்லை; மூன்று சுரக்கூட்டுகளைப் பிடிக்கத் தெரிந்தால் மேடையேறலாம், சொல்வதற்குக் கோபமாக ஏதேனும் இருந்தால் போதும் என்பது அதன் சித்தாந்தம். வேலையும் வருமானமும் இல்லாத இளைஞர்களிடையே அது பரவியதில் வியப்பில்லை. எனக்கு அந்தச் சங்கீதம் உவப்பானதன்று. ஆயினும் அதன் நியாயம் விளங்குகிறது.

இத்தகைய பாலர் கோஷ்டிகளில் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். ஒருவன் கோயமுத்தூருக்குப் படிக்கப் போவான். ஒருவனுடைய தகப்பனார் ஓய்வுபெற்று லயத்து வீட்டைக் காலிசெய்து ஊருக்குத் திரும்புவார். ஒருவனுக்கு ஆர்வம் குன்றிவிடும். ஒருவனைவிட நன்றாக வாசிப்பவன் வந்து சேருவான். கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது. மற்றவற்றில் யார்மீதும் குற்றமில்லை. இதில் மட்டும் ஒருவன் மற்றவனிடம் சென்று வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவும் இந்தச் சோதனையில் தேறவில்லை என்று அம்மையாரிடம் சொன்னேன். 1956-ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் குவாரி பேங்க் என்னும் பள்ளியைச் சேர்ந்த ஜான் லெனன் தம் பதினாறாவது பிராயத்தில் தொடங்கிய கோஷ்டிக்குக் குவாரிமென் என்று பெயர். அவர்களிடம் இருந்த வாத்தியங்களைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். துணி துவைக்கும் தகரப் பலகை ஒன்று; அதை விரல்களால் கீறித் தாளம் போட்டார்கள். மற்றொன்று காலித் தேயிலைப் பெட்டி! ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து, துடைப்பக் கம்பு ஒன்றை நட்டு, ஒரு கயிற்றைக் கட்டி மீட்டினால் அதுவே அவர்களுக்குப் பேஸ் வாத்தியம். நமது மலைகளிலிருந்து கப்பலேறிய தேயிலையும் அத்தகைய பெட்டிகளில்தான் சென்றது. நம் தாய்மார் கிள்ளிய கொழுந்து நிறைந்திருந்த பெட்டி ஒன்று அந்தப் பையன்களின் கையில் அகப்பட்டிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

1957 ஜூலை 6-ஆம் தேதி ஒரு மாதாகோயில் விழாவில் பால் மெக்கார்ட்னி என்ற பதினைந்து வயதுப் பையனை லெனன் சந்தித்தார். தம்மைவிடச் சிறந்த வாசிப்பாளனைச் சேர்த்துக்கொண்டால் தம் தலைமைக்குப் பங்கம் வருமே என்று யோசித்துவிட்டே அவரைச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் ஆட்கள் உதிரத் தொடங்கினார்கள். தகரப் பலகைக்காரருடைய தலையில் லெனனே அந்தப் பலகையைப் போட்டு உடைத்தார். வாசிப்பதில் விருப்பமே இல்லாதிருந்த அவருக்கு அது விடுதலையாக முடிந்தது. இருவர் நட்பும் நீடித்தது. தேயிலைப் பெட்டிக்காரர் கடும் நோய்வாய்ப்பட்டு விலகினார். 1958-இல் ஜார்ஜ் ஹாரிசன் வந்தபோது, கிட்டார் வாசித்துவந்த எரிக் கிரிஃபித்ஸ் என்பவருக்கு இடமில்லாமற் போயிற்று. அவரிடம் யாரும் நேரே சொல்லவில்லை. ஒத்திகைக்கு அழைக்காமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். மாட்டுப்பட்டியில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஹாரிசன் கிரிஃபித்ஸைவிட நன்றாக வாசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆகவே ஆளை மாற்றியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். மாற்றிய விதம்தான் நெஞ்சை உறுத்துகிறது.

ஹாரிசன் பிறந்தது 1943 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூன் மாதம், நமது மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தார். இருவரும் பதினான்கு பதினைந்து பிராயத்தில் தம்மின் மூத்தவர் ஒருவருடைய கோஷ்டியில் சேர்ந்தவர்கள். இளையராஜாவுக்கு அந்த மூத்தவர் சொந்தத் தமையனாரான பாவலர் வரதராஜன்.

பாவலரை நமது பகுதியின் முதியவர்கள் அறிவார்கள். 1957-இல் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இங்கே இடைத்தேர்தல் நடந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையிலான கம்யூனிஸ்டு மந்திரிசபைக்குப் பெரும்பான்மை மிகக் குறுகியதாக இருந்த காலம் அது. தமிழ்த் தொழிலாளர் வாக்கே தொகுதியின் முடிவைத் தீர்மானிப்பதாக இருந்ததால், இரு கட்சியினரும் தமிழில் பிரசாரம் செய்தார்கள். எம்.ஜி.ஆர். காங்கிரஸ் தரப்பில் வந்தார். கம்யூனிஸ்டு தரப்பில் பாவலர் ஆர்மோனியத்தோடு வந்து, மக்கள் நாவில் நின்ற சினிமா மெட்டுகளில் தாமே புதுச் சொற்களை இட்டுப் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். கையில் கிடைத்த மெட்டு, கூர்மையான சொல், எளிய வாத்தியம்: இதைத்தான் இருபது ஆண்டு கழித்து லண்டன் பையன்கள் தாங்கள் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டார்கள்! கட்சி விவகாரத்துக்குள் நான் புகவில்லை. கோஷ்டியின் அமைப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அந்தக் கோஷ்டியில் இளையராஜா முதலில் செய்த வேலை பெண்குரலில் பாடுவது. தமையனார் ஆண்குரலில் ஓரடி பாட, சிறுவன் பெண்குரலில் மறு அடி பாடுவான். சில காலம் இப்படி நடந்தது. பிறகு எல்லாப் பையன்களுக்கும் நேர்வது இவனுக்கும் நேர்ந்தது. மகரக்கட்டு உடைந்து குரல் தடித்துவிட்டது. பெண்குரல் போயிற்று. அந்த இடத்துக்கு இளைய தம்பி அமர் (பின்னாளில் கங்கை அமரன்) வந்தான். நான்கு ஆண்டு இளையவனுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு மேடையின் ஓரத்தில் நிற்பது அந்தப் பருவத்தில் எளிதா? ஆனால் அவன் கோஷ்டியைவிட்டு விலகவுமில்லை, விலக்கப்படவுமில்லை. ஆர்மோனியத்துக்கு நகர்ந்தான். தம்பியர் எவரும் தொடக்கூடாது என்று தமையனார் கண்டித்து வைத்திருந்த ஆர்மோனியம் அது. தமையனார் இல்லாத நேரங்களில் திருட்டுத்தனமாகப் பழகியது இப்போது கைகொடுத்தது.

குரல் உடையாமல் இருந்திருந்தால் அந்த விரல்கள் எந்நாள் கட்டைகளின்மேல் முறையாக அமர்ந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 1960-களின் இறுதியில் வீட்டு வானொலிப் பெட்டியைத் தாயார் விற்றுக் கொடுத்த ரூ.400-உடன் பாஸ்கர், ராஜா, அமர் மூவரும் சென்னைக்குப் போனார்கள். அங்கே எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் கோஷ்டியில் ஆர்மோனியத்தில் அனிருத்தா என்பவர் ஏற்கெனவே இருந்தார். ஆகவே இளையராஜா கிட்டாரை எடுத்துக்கொண்டார். அந்த இடம் காலியானபின் ஆர்மோனியத்துக்குத் திரும்பினார். பாஸ்கர் தாள வாத்தியம். அமர் கிட்டார். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்காரப் பழகியவர், பின்னர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாமே சுரம் எழுதினார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது அதைக் கேட்கப் பாவலர் இல்லை, 1973-இலேயே காலமாகிவிட்டார்.

பங்க் சங்கீதக்காரரிடையேயும் இருவகை நடந்ததுண்டு. மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற குழுவில் 1977-இன் தொடக்கத்தில் பாடகர் டெவோட்டோ விலகிக்கொண்டார். வெளியிலிருந்து பாடகரைத் தேடாமல், கிட்டார் வாசித்த பீட் ஷெல்லி பாட முன்வந்தார். பேஸ் வாசித்த ஸ்டீவ் டிகில் கிட்டாருக்கு நகர்ந்தார். பேஸுக்கு மட்டும் புதியவர் ஒருவரைச் சேர்த்தார்கள். குழு பிழைத்தது, புகழும் பெற்றது. அதே சமயத்தில் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவிலிருந்து, மெட்டுகளில் பெரும்பங்கு ஆற்றிய கிளென் மேட்லாக் வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த சிட் விஷியஸுக்குப் பேஸ் வாசிப்பு ஏறக்குறைய தெரியாது. முரட்டுத் தோற்றம் மட்டும் இருந்தது. இசைத்தட்டில் அவருடைய பாகத்தைப் பெரும்பாலும் கிட்டார்காரரே வாசிக்க வேண்டியதாயிற்று. 1978 ஜனவரியில் குழு கலைந்துவிட்டது. மாட்டுப்பட்டிப் பையன்கள் சட்டையில் அச்சடித்து அணிந்திருப்பது இந்தக் குழுவின் பெயரைத்தானாம். மற்றதன் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

இனி அம்மையாருக்கு நான் சொன்ன பதில். "நீங்கள் அந்த வீடுகளுக்குப் போக வேண்டாம், அம்மா. தாயார் சிபாரிசு செய்து கிடைத்த இடத்தில் அவனால் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. அந்த மூவரில் மூத்தவன் உங்கள் வீட்டுக்கு வரவேண்டும்; உங்கள் மகனைக் கண்டு, நடந்ததைத் தன் வாயால் சொல்லவேண்டும். கோஷ்டியில் வேறு வேலை இருந்தால் அதையும் கேட்கட்டும். அவன் வேண்டாமென்று சொன்னால் அது அவன் உரிமை" என்றேன். நமது பத்திரிகை அந்த மூன்று வீடுகளுக்கும் போகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெரியவர்களே, இதைப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த பையன்மேல் மட்டும் யாரும் கோபிக்க வேண்டாம். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பதினேழு பிராயம் நடந்தபோது நாங்கள் ஐந்து பேர் தோட்டத்துத் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் கோஷ்டி ஒன்று வைத்திருந்தோம். எங்களில் ஒருவன் புல்புல்தாரா வாசிப்பான். அவனுடைய தகப்பனார் சங்கரன்கோவில் சந்தையில் வாங்கிவந்த பழைய வாத்தியம். பிறகு கிட்டார் வைத்திருந்த ஒருவன் வந்தான். கிட்டார் இருக்கும் கோஷ்டியில் புல்புல்தாரா கௌரவக் குறைவு என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. "இந்த வாரம் ஒத்திகை இல்லை" என்று அவனிடம் போய்ச் சொன்னவன் நானேதான். திருவிழா இரவு மேடையிலிருந்து பார்த்தேன். முதல் வரிசைக்குப் பின்னால், வாத்தியத்தைத் துணிப்பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தான். ஒருவேளை அழைப்பார்கள் என்று எடுத்துவந்தானோ என்னவோ.

பல ஆண்டுகளுக்குப்பின் திருப்பூரில் ஒரு கலியாண வீட்டில் அவனைக் கண்டேன். பனியன் கம்பெனியில் வேலை, இரண்டு பெண்கள், நன்றாக இருந்தான். நான் தயங்கித் தயங்கிப் பழைய விஷயத்தை எடுக்குமுன் அவனே கேட்டான்: "அன்றைக்கு மூன்றாவது பாட்டை நடுவில் நிறுத்திவிட்டீர்களே, என்ன ஆயிற்று?"

"கிட்டார்த் தந்தி அறுந்துவிட்டது" என்றேன்.

"அந்தப் பாட்டு முழுவதும் எனக்குப் பாடம்" என்றான். பிறகு, பந்தி போட்டுவிட்டார்கள் வா என்று என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான்.