உபாத்தியாயர்களுக்கு ஓர் உபாத்தியாயர்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறபடியால், தாய் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்ட வீட்டில் தானாகவே எழுந்து, தானே தலைவாரிக்கொண்டு, தம்பியையும் கையில் பிடித்தபடி பள்ளி வாசலுக்கு வந்து சேர்கிற எட்டு வயதுச் சிறுமியிடம் அன்றைக்கு முதன்முதலாக முகம் கொடுத்துப் பேசப்போகிற பெரியவர், பெரும்பாலும் அவளுடைய வகுப்பாசிரியராகவே இருப்பார். அவர் முகம் சிடுசிடுத்தால் அந்தக் குழந்தைக்கு அன்றையப் பொழுதே அவ்வளவுதான். அந்த ஆசிரியரின் மனம் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், கல்வித்துறையின் விதிகளில் நேரான விடை கிடைக்காது. அனுபவம் சொல்லுகிற விடையோ தலைமை ஆசிரியருடையது என்பதுதான். வடசென்னையின் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி விவாதிக்கிறவர்கள் கட்டடம், கழிப்பறை, ஸ்மார்ட் வகுப்பறை, சேர்க்கைக் குறைவு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு, இந்த ஒரு பதவியைப் பற்றி மட்டும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.

இராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரையில் நீளும் இந்தக் கடற்கரை, நகரத்தின் மற்றப் பகுதிகளைப் போன்றதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். விம்கோ தீப்பெட்டி ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பிறகு அனல்மின் நிலையங்கள் என்று தேசத்தின் கைத்தொழில் அபிவிருத்திக்கு வேண்டிய நிலத்தையும் உழைப்பையும் தந்த பிரதேசம் இது. அந்த அபிவிருத்தியின் கழிவும் இங்கேதான் இறங்கியது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையொதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளிய காட்சியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து நள்ளிரவில் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடியதும் இங்குள்ள பிள்ளைகளுக்குச் செய்தித்தாள் விஷயங்கள் அல்ல. இவற்றை நேரில் கண்டுவிட்டு வருகிற குழந்தைகளும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் மக்களும் ஒரே பாயில் அமர்கிற வகுப்பை நடத்த வேண்டிய இடைநிலை ஆசிரியருக்கு, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கற்றது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். இடமாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்தவுடன் அவர் வேறு பள்ளியின் காலியிடத்தைத் தேடினால், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை இங்கேயே நிறுத்தி வைக்கக்கூடிய காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். அது பெரும்பாலும் ஒரு மனுஷராகத்தான் இருக்கும்.

மேற்பார்வை என்றாலே குற்றம் காண்பது என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிப்போனதற்குச் சரித்திர காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை ராஜதானியில், இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்து, தேறியவர்களின் தலையை எண்ணி அதற்குத் தக்கபடி மானியம் வழங்கும் முறை இருந்தது. வைசிராய் கர்ஸன் காலத்து 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் அம்முறையைக் கைவிட்டது. ஆனால் முறை போனாலும் அதனோடு வந்த மனோபாவம் போகவில்லை. இன்றைக்கும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் உள்ள அதிகாரங்களை எண்ணிப் பாருங்கள். தாமதமாக வந்தவருக்கு மெமோ கொடுக்கலாம். தற்செயல் விடுப்பை மறுக்கலாம். மேலதிகாரிக்கு எழுதி 17-ஏ, 17-பி என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் நிழலைக் காட்டலாம். நன்றாகப் பாடம் நடத்திய ஒருவருக்கு அவர் செய்யக்கூடியது வாயால் ஒரு வார்த்தை சொல்வதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லவேண்டுமானால் அவர் அந்தப் பாடத்தைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள், 90 வரையில் மூவர், 120 வரையில் நால்வர். 150-க்கு மேற்பட்டால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாகத் தலைமை ஆசிரியர் ஒருவர். அதற்குக் கீழே உள்ள பள்ளியில் எச்.எம். என்று அழைக்கப்படுகிறவர் ஒரு வகுப்பையோ இரண்டு வகுப்புகளையோ கையில் வைத்திருக்கும் ஆசிரியரே. தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் பணியிடமும் கிடையாது. ஆகவே காலை உணவுத் திட்டத்தின் வருகைக் கணக்கு, சத்துணவை முதலில் ருசி பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, சீருடையும் நோட்டுப் புத்தகமும் காலணியும் வந்து இறங்கினால் எண்ணி வாங்கி எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் ஏற்றுவது, ஆதார் இல்லாத பிள்ளையின் பெற்றோரைத் தேடிப் பிடிப்பது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்குவது, தண்ணீர் வராத நாளில் லாரிக்குச் சொல்லி அனுப்புவது ஆகிய அனைத்தும் அவர் தலையில். சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று தடுக்கிறது. ஆனால் பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து செல்போனில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பதைத் தடுக்க அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

காலை உணவைக் குறைகூறுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிய பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைவாசி. ஒரு நூற்றாண்டு கழித்து, 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தப் பழைய காரியத்தின் நியாயமான தொடர்ச்சி. காசிமேட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் ஆட்சேபம் எல்லாம், ஒவ்வொரு நல்ல திட்டமும் தன்னோடு ஒரு பதிவேட்டையும் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் பதிவேட்டை அதே ஒரு மேஜையின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவதைப் பற்றித்தான்.

ஆசிரியர்களை நம்பிக் காரியம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்த மாநகராட்சியிலேயே இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியைச் சார்ந்து வளர்ந்த முறையைப் பின்பற்றி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். சுற்றறிக்கை அனுப்பிவிட்டு அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குச் சென்று பார்த்தார்கள், திரும்பி வந்து தாங்களே கற்றல் அட்டைகளை உருவாக்குவதில் ஈடுபட்டார்கள். அந்த வகுப்பறையைக் கண்டவர்களுக்கு அதன் தோற்றம் மறக்காது: பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிலும் கரும்பலகை, அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் தன் பெயர் எழுதிய ஒரு கட்டம், தலைக்கு மேலே குறுக்காகக் கட்டிய கம்பியில் தொங்கும் கைவேலைகள், எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் ஏணிப் படம், நடுவிலே, இத்தனை ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய உபாத்தியாயர் பிள்ளைகளோடு பாயில். இருபது, இருபத்தைந்து வருஷ சர்வீஸ் உள்ள ஒருவரை நாற்காலியை விட்டு இறங்கச் செய்வது எந்த அரசாணையாலும் ஆகக்கூடிய காரியமா? பக்கத்துப் பள்ளி ஆசிரியை செய்துகாட்ட, தம் பள்ளியின் தலைமை ஆசிரியரும் கூடவே தரையில் அமர, பிள்ளைகள் தாமாக அட்டையை எடுத்துப் படிப்பதைக் கண்ணால் கண்ட பிறகே அவர் இறங்குவார். 13 பள்ளிகளிலிருந்து மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் அம்முறை பரவியது. பரவப் பரவ அது உத்தரவாக மாறியது என்பது என் அபிப்பிராயம். தலைமை ஆசிரியர் நம்பிக்கையோடு நின்ற பள்ளியில் அது உயிரோடிருந்தது. மற்ற இடங்களில் அட்டைகள் அலமாரிக்குப் போயின. 2022 ஜூன் 13-இல் அழிஞ்சிவாக்கத்தில், அதாவது வடசென்னைக்கு வெகு சமீபத்தில், தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கும் இந்த விதி பொருந்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்வது நல்ல யோசனை. ஒரு பிள்ளை அரும்பிலேயே இரண்டு பருவம் தங்கிவிட்டால், அந்தப் பிள்ளையின் ஆசிரியை யாரிடம் போய் உட்கார்ந்து தம் சங்கடத்தைச் சொல்வார் என்பதுதான் கேள்வி.

தலைமை ஆசிரியர் எழுதும் மேற்பார்வைப் பதிவேட்டைப் புரட்டினால் இந்தப் பிரச்சினையின் முழு வடிவமும் தெரிந்துவிடும். “இரண்டாம் வகுப்பு பார்வையிடப்பட்டது. கற்பித்தல் திருப்தி. வாசிப்புத் திறன் மேம்பட வேண்டும்” என்று ஒரு குறிப்பு, அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்கும் அதே குறிப்பு. இதை எழுத வகுப்புக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் போவதற்கு நேரமும் இல்லை. இதற்கு மாறாக ஒருவர் பின்வரிசையில் பிள்ளைகளோடு முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்து, “கடைசி வரிசையில் உள்ள நால்வரும் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாகவே வாசிக்கிறார்கள், நீங்கள் கரும்பலகையில் எழுதிக்காட்டிய விதம் நன்றாயிருந்தது, நாளைக்கு அவர்களை முன்னே அமர்த்திப் பாருங்கள், நானும் வருகிறேன்” என்று எழுதினால், வாசிக்கிற ஆசிரியைக்கு இரண்டு விஷயங்கள் விளங்கிவிடுகின்றன: தம்முடைய உழைப்பை ஒருவர் பார்த்தார், தம்முடைய சிரமத்தில் ஒருவர் பங்குகொள்கிறார். உற்சாகமூட்டுதல் என்று நாம் சொல்லுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான். ஆசிரியர் தினத்தில் சால்வை போர்த்துவது அதன் பிறகு வரட்டும்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். சக ஆசிரியர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பள்ளி முடிந்ததும் அனைவரும் கூடி அமர்ந்து அந்தப் பாடத்தைப் பேசுவார்கள். பேச்சு அந்த ஆசிரியரைப் பற்றியதாக இராது, பாடத்தைப் பற்றியதாக இருக்கும் என்பதே அதன் விசேஷம். நம்மிடமும் குறுவள மையக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் சி.ஆர்.சி. எனப்படும் அந்த மையத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு, மேலிருந்து வந்த படக்காட்சியைப் பார்த்து, தேநீர் அருந்தித் திரும்புகிற ஆசிரியரிடம், அங்கே உங்கள் வகுப்புப் பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று விசாரித்துப் பாருங்கள். சிரிப்பார்.

மாதந்தோறும் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உற்சாகம் வேறு ஊட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி அநியாயமானதன்று, வேலையில் சிரத்தையில்லாதவர்கள் ஆசிரியர்களிலும் இருக்கிறார்கள், அவர்களை மெமோ கொடுத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆனால் சம்பளமும் மெமோவும் வாங்கித் தரக்கூடியவை குறித்த நேரத்து வருகையும் ஒழுங்கான பாடக்குறிப்பும்தான். நாலு நாளாக வராத பிள்ளையைத் தேடி மதிய இடைவேளையில் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடி ஏறுவதை எந்த விதியாலும் வாங்க முடியாது. அதைச் செய்கிற ஆசிரியைகள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது, “பர்மிஷன் போட்டீர்களா?” என்று கேட்கிற எச்.எம்.மும் உண்டு, “என்னம்மா ஆச்சு, வந்தானா?” என்று கேட்கிற எச்.எம்.மும் உண்டு. இருவருக்கும் ஒரே ஊதியம்.

பணிமூப்பினால் பதவி உயர்ந்து வருகிற நம் முறையில், நேற்றுவரை சக ஆசிரியராக இருந்தவர் இன்றைக்குத் தலைவராகிவிடுகிறார். கணக்கு வழக்கு, பதிவேடு பற்றிய பயிற்சிகளுக்குக் குறைவில்லாத இடத்தில், பிறர் வகுப்பை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் இடம் சுருங்கிவிடுகிறது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை என்றும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும் என்றும் விதித்திருப்பதால், ஆசிரியர் அறைகளில் இப்போது நிலவும் கவலை சாதாரணமானதன்று. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை இங்கே ஆராய வேண்டாம். நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் பரீட்சைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிற ஒருவருக்குத் தைரியம் சொல்லி, அவருடைய வகுப்பும் கெடாமல் பார்த்துக்கொள்கிற காரியமும் தலைமை ஆசிரியரிடமே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் கல்வி அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

150 பிள்ளைகள் என்னும் எல்லை சட்டம் வகுத்த குறைந்தபட்சம். அதற்கு மேலே செய்யக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய மூன்று மண்டலங்களிலாவது, எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு வகுப்புப் பொறுப்பிலிருந்து விடுதலை தந்து, நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து எமிஸ் வேலைக்கென்று ஓர் ஊழியரை நியமித்து, தினந்தோறும் ஒரு பாடவேளையைத் தலைமை ஆசிரியர் பிறர் வகுப்பில் கழித்தே தீர வேண்டும் என்று மாநகராட்சி ஏற்பாடு செய்யலாம். குறுவள மையக் கூட்டங்களில் ஒன்றிரண்டை அந்தந்தப் பள்ளியிலேயே ஒரு பாடத்தைக் கூடிப் பார்க்கும் நாளாக மாற்றுவதற்குப் பணமே தேவையில்லை. மற்றவற்றுக்குப் பணம் வேண்டும். இந்தக் கடற்கரையின் ஆலைகளிடமிருந்தும் கிடங்குகளிடமிருந்தும் சொத்து வரியோடு சேர்த்துக் கல்வி வரியையும் மாநகராட்சி வசூலித்துக்கொண்டுதான் இருக்கிறது. வரும் நிதிநிலை அறிக்கையில் அதிலிருந்து ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குமாறு இம்மூன்று மண்டலங்களின் மாமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதம் பாராமல் கேட்க வேண்டும்.