மாலை நேரக் கோச்சுக்கு யார் சம்பளம் தருவது?

தமிழ் தலைவாஸ் அணி 2017இல் புரோ கபடிக்குள் வந்தபோது பயிற்சியாளர் காசிநாத பாஸ்கரன். 2014இல், முதல் சீசனிலேயே ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். தலைவாஸில் மறு ஆண்டே அவர் இடத்துக்கு இ. பாஸ்கரன் வந்தார். யு மும்பாவை 2015இல் சாம்பியனாக்கிய அவரும் 2019 சீசனின் பாதியில் விலகினார். பிறகு உதயகுமார். 2022இல் சீசன் நடுவே அவருக்குப் பதில் அஷன் குமார். அந்த முறைதான் அணி முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. 2024இல் மறுபடி உதயகுமார், கூடவே தர்மராஜ் சேரலாதன். 2025இல் சஞ்சீவ் பாலியான். இவர்களில் யாரும் சாமானியர் இல்லை. இ. பாஸ்கரன் 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் வாழ்நாள் விருது பெற்றவர்.

இத்தனை பேர் வந்து போயும் அணி தடுமாறுகிறது என்றால் கோளாறு அந்த நாற்காலியில் இல்லை. அணியைத் தாங்கிப் பிடித்த சாகர் ராத்தி, சாஹில் குலியா எல்லாம் அரியானாப் பையன்கள். கபடி நம் மாநில விளையாட்டு. நம் பையன்கள் ஏன் அந்த இடத்துக்கு வருவதில்லை?

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். இங்கே கபடி கோச் என்பவர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். பகலில் லேத் பட்டறையிலோ குடோனிலோ வேலை. ஷிஃப்ட் முடிந்த கையோடு மைதானத்துக்கு வருகிறார். அவர் சொல்லித் தருவதோ நுணுக்கமான கணக்கு. ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் நீட்டும்போது பின்னங்கால் தரையைவிட்டு எழ வேண்டும். அந்த ஒரு நொடி அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கார்னரில் தடுக்க நிற்கும் பையன் அப்போது பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முந்தினால் ரைடர் உஷாராகிவிடுவான். பிந்தினால் உதை முகத்தில் விழும். ஒரு பையனுக்கு இந்தக் கணக்கு உடம்பில் ஊற வருடக்கணக்கான மாலைகள் தேவை. கோச்சுக்கு ஓவர்டைம் கிடைக்கும் நாளில் பயிற்சி கிடையாது. அவரை எப்படிக் குறை சொல்வது? வீட்டு வாடகை யார் கொடுப்பார்கள்?

இந்தக் கேள்வியில் ஒரு விளையாட்டே பிறந்திருக்கிறது. இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ரக்பி ஆட வந்தார்கள். இழந்த கூலியை ஈடுகட்ட ரக்பி நிர்வாகம் சம்மதிக்கவில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஓர் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கிளப்புகள் தனியே பிரிந்தன. அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக்.

அந்த ஆட்டம் வளர்த்த கோச் வெய்ன் பென்னட். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து போலீஸ்காரராக இருந்தவர். பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கு ஆறு கோப்பை, 2010இல் செயின்ட் ஜார்ஜுக்கு ஒன்று. 2018 இறுதியில் பிராங்கோஸே அவரை வெளியே அனுப்பியது; உடனே சவுத் சிட்னி சேர்த்துக்கொண்டது. எழுபது வயதைத் தாண்டியும் கோச்சாகவே இருக்கிறார். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவுக்குப் பின்னால் சம்பளம் இருக்கிறது.

நம்மிடம் ஆட்டக்காரருக்காவது ஒரு வழி உண்டு. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே, போலீஸ், ஐசிஎஃப். அந்தப் பையனை உருவாக்கியவருக்கு ஒரு சால்வை. முறைப்படி கோச்சாகலாம் என்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்ஐஎஸ்) பட்டயத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும். தினக்கூலிக்காரர் அத்தனை மாதம் குடும்பத்தை எதை வைத்து ஓட்டுவார்?

மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாலை நேரக் கோச்சுகளைப் பதிவு செய்து மணிக்கணக்கில் ஊதியம் தர வேண்டும்; படிக்கப் போகும் காலத்துக்கு உதவித்தொகையும் தர வேண்டும். மீதிப் பொறுப்பு புரோ கபடி லீக்குடையது. கால்பந்தில் ஒரு வீரர் கிளப் மாறும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. தலைவாஸ் 2022 ஏலத்தில் பவன் செராவத்துக்குக் கொடுத்த விலை 2.26 கோடி ரூபாய். அப்படி ஒரு தொகையில் ஒரே ஒரு சதவீதம் என்றாலும் 2,26,000 ரூபாய். ஏலத்துக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் முதல் பயிற்சியாளரின் பெயருக்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இரண்டு வரி ஒதுக்கி, அடுத்த சீசனிலேயே இதைத் தொடங்கலாம்.