உயர் அழுத்தக் கம்பியும் ஒரு சுருளும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வரும்போது சந்திரகிரிக் கோட்டையைக் காண எல்லோர் தலையும் ஒரு பக்கம் திரும்பும். என் கண் மட்டும் மின்கோபுரத்தைத் தேடும். மின்பொறியியல் மாணவன் வாங்கி வந்த வரம் அது!

மின்தடை என்றதும், "இன்னொரு கம்பி இழுத்தால் போயிற்று" என்போர் நம்மிடையே பலர். எங்கே இழுப்பது? சேஷாசல மலையிலா? செம்மரம் வளரும் அக்காடு 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருக்கும் கம்பியை இடிமின்னலுக்கு அஞ்சாது நிற்கச் செய்தோமா என்பதே முதற்கேள்வி என்பேன்.

கிருஷ்ணப்பட்டினத்து அனல்மின் நிலையத்திலிருந்து சித்தூருக்கு வருவது 400 கிலோவோல்ட் கம்பி. இத்தகைய கம்பி தானே ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்ளும். பேஸ் ஒன்றுக்கு இரட்டைக் கடத்தி உள்ள கம்பியானால் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 55 மெகாவார் அதில் பிறக்கும். இரவில் சுமை குறைந்தால் கடைமுனையில் அழுத்தம் ஏறிவிடும். அதை விழுங்கவே முனைகளில் ஷண்ட் ரியாக்டர் என்னும் சுருளை வைக்கின்றனர். அது போதாத இடங்களில், அழுத்தத்துக்கு அஞ்சி நல்ல கம்பியையே இரவில் திறந்து வைப்பதும் நம் நாட்டில் உண்டு.

வகுப்பில் பாடம் இத்தோடு நின்றுவிடுகிறது. சுருளின் இரண்டாம் தொழிலை யார் சொல்வது?

உயர் அழுத்தக் கம்பியில் நேரும் பழுதுகளில் மிகப் பெரும்பகுதி, ஒரே பேஸுக்கும் நிலத்துக்கும் இடையே எழும் தீப்பொறிதான். அந்தப் பேஸை மட்டும் இரு முனையிலும் திறந்து, ஒரு வினாடி பொறுத்து மூடினால் மின்சாரம் தொடரும். மற்ற இரண்டும் அதுவரை சுமை தாங்கும். ஆனால் அந்த இரண்டும் சும்மா இருப்பதில்லை! இடையிலுள்ள மின்தேக்கத்தின் வழியே சிறு மின்னோட்டத்தை ஊட்டிப் பொறியை அணையவிடாமல் காக்கின்றன. ரியாக்டரின் நடுப்புள்ளிக்கும் நிலத்துக்கும் இடையே இன்னொரு சிறு சுருளை அளவறிந்து வைத்தால் அந்த ஊட்டம் அறும், பொறி அணையும். நிலப்பழுதைச் சுருளால் அணைக்கும் வழியை முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஜெர்மானியர் பீட்டர்சன் காட்டியிருந்தார். நெடுங்கம்பிக்கு ஷண்ட் ரியாக்டரைக் கொண்டு அதைச் செய்யும் முறையை 1964-இல் கட்டுரையாக எழுதியவர் அமெரிக்கர் கிம்பார்க்.

"அளவறிந்து" என்றேனே, என் வழக்கு முழுதும் அதில்தான் இருக்கிறது. ஊர்கள் வளர்கின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. புதிய துணைமின் நிலையம் எழுந்தால் பழைய கம்பியை நடுவில் வெட்டி அதனுள் நுழைத்து எடுப்பது வழக்கம். ஒரு கணக்குப் போடுவோம். 300 கிலோமீட்டர் கம்பியில் பிறப்பது 165 மெகாவார். முனைக்கு 50 வீதம் இரு ரியாக்டர்கள். அக்கம்பியை 80, 220 என வெட்டுகிறோம். 80 கிலோமீட்டர்த் துண்டில் பிறப்பது 44. விழுங்க நிற்பதோ 50! கம்பியும் சுருளும் ஒத்ததிரும் எல்லைக்கு அருகே வந்துவிட்டன. திறந்து வைத்த பேஸில் அழுத்தம் ஏறலாம், பொறி அணைய மறுக்கலாம். காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதை!

மருந்து இல்லாமல் இல்லை. நடுப்புள்ளிச் சுருளைப் புதிய நீளத்துக்கு ஏற்ப மாற்றலாம். அல்லது அதை விலக்கிவிட்டு, ரியாக்டரைக் கம்பியிலிருந்து பிரித்து நிலையத்தின் பஸ்பாரில் சேர்க்கலாம். செலவாகுமே என்பர். ஆகட்டும்; காட்டில் புதிதாகக் கோபுரம் நடுவதைவிடக் குறைவுதான். நிலையத்துக்கு மதிப்பீடு போடும் அன்றே இச்செலவும் அதில் ஏற வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் இனம் அன்று இது. நம் தேர்வுத் தாளிலும் அழுத்தம் ஒரு வினா, பழுது வேறொரு வினா என்று பிரிக்காமல், வெட்டிய கம்பி ஒன்றைக் கொடுத்துக் கணக்குக் கேட்கட்டும்.

துணைமின் நிலையத்தைக் காணச் செல்லும் நண்பர்கள் டிரான்ஸ்பார்மரோடு திரும்பிவிட வேண்டாம். அதைப் போலவே இருந்தும், ஒரு பக்கம் மட்டும் கம்பி ஏறி மறுபக்கம் எதுவும் வெளியேறாத தொட்டி தென்படும். அதன் அருகே சிறு தொட்டி ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், எத்தனை கிலோமீட்டர் கம்பிக்கு அதை அளந்தார்கள் என்று பொறியாளரைக் கேளுங்கள்.