திரிந்த பாலும் எதிர்வீட்டுப் பையனும்

போன மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டில் பால் திரிந்துபோனது. ராத்திரி கரண்ட் போய் வந்திருந்தது, ஃபிரிட்ஜில் வைக்க மறந்த பாக்கெட் வேறு. அடுப்பில் ஏற்றிய ஐந்தாவது நிமிடம் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் கிளம்பின. நடுவில் மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத நிறத்தில் தண்ணீர் தெளிந்து நின்றது. "போச்சு, இன்னிக்குக் காபி இல்லை" என்றாள் மனைவி. சர்க்கரை போட்டுக் கிளறலாமா, கொட்டிவிடலாமா என்று நான் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பையன் உள்ளே வந்தான்.

எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றில் வேலை. எங்கள் அம்பத்தூரில் எஸ்டேட் என்றால் தேயிலை அல்ல, இரும்புத்தூள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன், கையில் இன்னும் கூலன்ட் வாடை. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் கடைசி ஆள் அவன்தான் என்பதால் அவ்வப்போது என்னிடம் வருவான்.

"அங்கிள், கேசின்னு ஒரு புரோட்டீன் இருக்காம். படுக்கறதுக்கு முன்னாடி குடிச்சா ராத்திரி பூரா மெதுவா வேலை செய்யுமாம். கோச் சொல்றாரு. வாங்கட்டுமா?" செல்போனில் டப்பாவின் படமும் விலையும். விலையைப் பார்த்து எனக்குத்தான் புளியேப்பம் வந்தது.

பாத்திரத்தை அவன் முன் நீட்டினேன். "இதுதான்டா கேசின்."

நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான். பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின், மீதி வே. புளிப்பு ஏறினால் கேசின் கட்டியாகிவிடும், வே பெரும்பாலும் தண்ணீரோடு நின்றுவிடும். (சூடாக்கும்போது கொஞ்சம் வேயும் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும், அது இருக்கட்டும்.) அவன் போன வருஷம் வாங்கிய சாக்லேட் வாசனை டப்பா, அந்தத் தண்ணீர்ச் சரக்கைக் காயவைத்த தூள். இப்போது கேட்பது கட்டியின் தூள்.

அடுப்பில் நடந்ததேதான் வயிற்றிலும் நடக்கிறது. இரைப்பையின் அமிலம் பட்டதும் கேசின் தயிர்க்கட்டி போல உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே இறங்குகிறது. வே உறைவதில்லை, ஓடிவிடும். 1997-ல் பிரான்சில் ஈவ் புவாரி என்பவரும் சகாக்களும் இதை அளந்து காட்டினார்கள். வே குடித்தவர்களின் ரத்தத்தில் அமினோ அமிலம் சரசரவென்று ஏறிச் சீக்கிரமே இறங்கிவிட்டது. கேசின் குடித்தவர்களுக்கு அவ்வளவு உயரம் ஏறவில்லை, ஆனால் ஏழு மணி நேரம்வரை நின்றது. உடல் தன் புரதத்தைத் தானே உடைத்துக்கொள்வதும் கேசினால் 34 சதவீதம் குறைந்தது. 'மெதுவான புரதம்', 'வேகமான புரதம்' என்ற பேச்சு பரவியது அதிலிருந்துதான்.

தூக்கம் இதில் சேர்ந்தது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில். 2012-ல் அங்கே இளைஞர்களை மாலையில் எடை தூக்கவைத்து, தூங்கப் போகும் முன் 40 கிராம் கேசின் கொடுத்தார்கள். வெறும் பானம் குடித்தவர்களைவிட இரவில் தசைப்புரதம் உருவாகும் வேகம் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. 2015-ல் அதே ஊர்க்காரர்கள் 44 இளைஞர்களை 12 வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். ராத்திரி புரதம் குடித்த பாதிப் பேருக்குத் தசையும் பலமும் கூடுதலாக வளர்ந்தன.

கோச் சொன்னதில் தப்பில்லை என்று பையன் முகம் மலர்ந்தது. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது. அந்த 12 வாரச் சோதனையில் மற்றப் பாதிப் பேருக்குக் கிடைத்தது சத்தே இல்லாத பானம். ஆக, ஒரு கூட்டம் நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அதிகப் புரதம் சாப்பிட்டது, இன்னொன்று குறைவாக. ஜெயித்தது ராத்திரியா, அளவா? அடுத்து, 2023-ல் மாஸ்ட்ரிக்ட்காரர்களே தூங்கும் முன் கேசினையும் வேயையும் 45 கிராம் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே அளவுக்குத்தான் வேலை செய்தன. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 'மெதுவாக' என்பது அவ்வளவு பெரிய எழுத்துக்குத் தகுதியானதாக எனக்குத் தெரியவில்லை.

"அப்போ ராத்திரி ஒரு டம்ளர் பால் போதுமா?" என்று கேட்டான். அதுவும் இல்லை. பாட்டி கொடுத்த ஒரு டம்ளர் பாலில் எல்லாம் இருக்கிறது என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும், கணக்கு உதைக்கும். 200 மில்லி பாலில் புரதம் ஆறரை கிராம் தேறும், கேசின் ஐந்து. மாஸ்ட்ரிக்ட் அளவுக்குக் குடிப்பதென்றால் ஆவின் அரை லிட்டர் பாக்கெட் மூன்றை ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும். ஆவின் பால் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக அப்படிச் செய்ய முடியுமா? தூக்கம் வராது, வேறு ஏதாவதுதான் வரும். 150 கிராம் பன்னீர் என்றால் 25 கிராமைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் கேசின்.

ஒரு தாள் எடுத்து அவன் முந்தின நாள் சாப்பிட்டதை எழுதினோம். மாலை எழுந்ததும் சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல். ஜிம் முடிந்து இரண்டு முட்டை. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இரண்டு தோசை. ராத்திரி இரண்டு மணிக்கு கேன்டீனில் டீ, பன். காலையில் மூன்று இட்லி. ஓர் இட்லிக்கு 2 கிராம் என்று தாராளமாகப் போட்டும் மொத்தம் 50-ஐத் தொடவில்லை. பையன் எடை 62 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் ஐ.சி.எம்.ஆர். சாதாரண ஆளுக்குச் சொல்லும் கணக்கு. அதற்கே கொஞ்சம் குறைகிறது. எடை தூக்கித் தசை வளர்ப்பவர்களுக்கு 1.6 கிராம்வரை பலன் உண்டு என்கிறார்கள், அதாவது 100 கிராம். பாதி வண்டி காலி. இதில் கடைசிப் பெட்டியில் எந்த வகைச் சரக்கு ஏற்றுவது என்று கவலை.

அப்போதுதான் அவன் ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், எனக்கு ராத்திரியே கிடையாதே. எப்போ குடிக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அவன் படுப்பது காலை எட்டு மணிக்கு, தெருவில் காய்கறி வண்டி கத்தும் நேரம். எழுவது மூன்றரைக்கு. நடுராத்திரி டீயும் பன்னும், விடிந்ததும் மூன்று இட்லி. இதை நம்பித்தான் அந்த உடம்பு மாலை நாலு மணிவரை ஓட்டுகிறது. தசைக்குக் கடிகாரத்தைவிட இந்த நீண்ட பட்டினிதான் முக்கியம். அவனுடைய 'படுக்கறதுக்கு முன்னாடி' அந்த இட்லித் தட்டுதான். ஆவடிப் பக்கம் போலீஸ் வேலைக்காக விடியற்காலையில் மைதானம் சுற்றும் பையன்களுக்கு ராத்திரி பத்து மணி பால் பொருந்தும். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் எல்லாருக்கும் ஒரே ராத்திரி இல்லை.

டப்பா வேண்டாம் என்றேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024-ல் கேரளத்து மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதத் தூள்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. பையனின் பழைய டப்பா ஏதோ ஒரு கடையில் பாதி விலைக்கு வந்தது. நுரை மட்டும் நன்றாக வந்ததாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் மட்டும் தூளோ பன்னீரோ, டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

இப்போது காலை இட்லி மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது, கூடவே இரண்டு முட்டையும் பன்னீரும். மாலைச் சாப்பாட்டில் ஒரு பிடி சோயா உருண்டை. பன்னீரை அவன் அம்மாவே போடுகிறார். நல்ல பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அம்மிக் குழவியை மேலே வைத்துவிடுகிறார். வடிந்த தண்ணீர் சப்பாத்தி மாவுக்கு. அன்று எங்கள் வீட்டில் திரிந்ததை அவனுக்குக் கொடுக்கவில்லை. கெட்டு வந்த புளிப்பு வேறு, எலுமிச்சைப் புளிப்பு வேறு.

ஆனாலும் ராத்திரி கரண்ட் போனால், மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட் ஓரம் சைக்கிளை நிறுத்தி ஒரு குரல் கொடுக்கிறான்: "அங்கிள், இன்னிக்கு ஏதாவது திரிஞ்சுதா?"