பழைய பொருள் வாங்கப் போகிறீர்களா? விருத்தாசலத்தைக் கேளுங்கள்!

பழைய பொருள்களுக்கு இப்போது புது மவுசு வந்திருக்கிறது.

பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி, கண்ணாடிப் படம், தஞ்சாவூர் ஓவியம், மரச் சிற்பம் – நேற்று வரை பரணில் தூங்கியவை இன்று கூடத்துக்கு வந்துவிட்டன. புது வீடு கட்டுகிறவர்கள் கடை கடையாகத் தேடுகிறார்கள். செல்போனில் படத்தைப் பார்த்தே விலை பேசிவிடுகிறவர்களும் உண்டு.

ஆசை நல்லதுதான். ஆனால் பணத்தை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இது எங்கிருந்து வந்தது?"

இந்தக் கேள்விக்கு வந்த பதிலை அப்படியே நம்பி ஏமாந்தது ஒரு பெரிய வெளிநாட்டுக் கலைக்கூடம். அந்தக் கதை விருத்தாசலத்தில் தொடங்குகிறது.

சிட்னிக்குப் போன சிலை

விருத்தாசலம் என்றால் "பழைய மலை" என்று பொருள். திருமுதுகுன்றம் என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். ஊர்ப் பெயரிலேயே பழமை இருக்கிறது! அங்கே கோயில் கொண்டிருப்பவர் விருத்தகிரீசுவரர். ஊர் மக்களுக்கு அவர் பழமலைநாதர்.

அந்தக் கோயிலின் சுவர் மாடத்தில் ஓர் அர்த்தநாரீசுவரர் கற்சிலை இருந்தது. பாதி சிவன், பாதி பார்வதி. சோழர் காலத்து வேலை.

2004ஆம் ஆண்டில் அதே சிலையை ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரத்துக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. விலை சுமார் 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

கலைக்கூடத்தார் காகிதம் கேட்காமல் இல்லை. கேட்டார்கள். காகிதமும் வந்தது! 1970ஆம் ஆண்டிலேயே டெல்லியில் ஒரு கடையில் வாங்கிய சிலை என்று ஒரு ரசீது காட்டப்பட்டது.

இந்தியாவில் தொன்மைப் பொருள் சட்டம் இயற்றப்பட்டது 1972ஆம் ஆண்டில். ரசீதின் தேதியோ அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. வசதியான தேதிதான்.

காட்டிக் கொடுத்த புகைப்படம்

ரசீது பொய் சொன்னது. புகைப்படம் உண்மையைச் சொன்னது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். சிலை ஆர்வலர்கள் 2013ஆம் ஆண்டில் பழைய படங்களையும் சிட்னி சிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1974ஆம் ஆண்டிலும் அர்த்தநாரீசுவரர் விருத்தாசலம் கோயிலிலேயே நிற்கிறார்! 1970இல் டெல்லிக் கடையில் விற்ற சிலை, நான்கு ஆண்டு கழித்துக் கோயில் மாடத்தில் நிற்பது எப்படி?

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தார். சிலையைப் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். ஸ்ரீபுரந்தான் நடராஜரும் கூடவே திரும்பினார். விருத்தாசலம் கோயிலின் இன்னொரு சிலையான பிரத்தியங்கிரா தேவி, கான்பெராவிலிருந்து 2016இல் வந்து சேர்ந்தாள்.

கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார். உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது.

நம் வீட்டுக்கு என்ன வாங்கலாம்?

பணமும் நிபுணர்களும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நூறு வயது தாண்டிய கலைப்பொருள் "தொன்மைப் பொருள்" ஆகிவிடும். அதை விற்பவருக்கு உரிமம் வேண்டும். பழைய கற்சிலை, உலோகச் சிலை, ஓவியம் போன்றவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனி ஆள் எவரும் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகன் கேட்டாலும் அனுப்ப முடியாது!

சாமி சிலையை "கிராமத்தில் கிடைத்தது" என்று சொல்லி ஒருவர் மலிவாகக் கொடுத்தால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுவதே புத்திசாலித்தனம். எந்தக் கிராமம், யார் வீடு என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு மாறும்.

படங்களில் அவ்வளவு வம்பு இல்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதில் அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். இன்று அவற்றுக்கு நல்ல விலை உண்டு. அதனால் போலியும் உண்டு. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாக ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு. கல் அச்சில் புள்ளிகள் சீராக இருக்காது.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் முன்பக்கத்துத் தங்கத்தில் மயங்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய ஓவியங்கள் பலகையில் துணி ஒட்டிச் செய்தவை. பின்னால் ஒட்டுப் பலகையான பிளைவுட் இருந்தால் "முப்பாட்டனார் காலத்தது" என்ற பேச்சு எடுபடாது.

கையில் காசு குறைவா? கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் காலண்டராகத் தமிழ்நாடு முழுவதும் போயின. அப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். ஈரம் படாமல் எடுத்து, கண்ணாடி போட்டு, வெயில் விழாத சுவரில் மாட்டினால் போதும்.

பொய் பேசாத பொம்மை

விருத்தாசலத்துக்குப் பீங்கானாலும் பெயர் உண்டு. அங்கே பீங்கான் தொழிற்கூடங்களும், பீங்கான் தொழில் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இருக்கின்றன. கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு, கொலுப் பொம்மைகளும் விளக்குகளும் செய்கிறார்கள்.

அந்தப் பொம்மைக்கு வயது இல்லை. ஆனால் எந்த ஊரில் செய்தது என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். வாங்கியதும் அடியில் ஒரு சீட்டு ஒட்டி, ஊர், ஆண்டு, வாங்கியவர் பெயர் மூன்றையும் எழுதி வைக்கலாம். ஐம்பது வருடம் கழித்து அதைக் கையில் எடுக்கும் பேத்தி யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்காது.